இரண்டு நாளைத் தின்ற ஒற்றை எண்

கிளிநொச்சியில் நான் பார்த்துக்கொள்ளும் டியூசன் வகுப்பின் சேர்வர் (உபுண்டு லினக்ஸில் ஓடுவது), தொடங்கும்போதெல்லாம் 2 நிமிடம் அப்படியே நின்றது. அப்புறம் லொகின் வரும், நெட்வேர்க் வராது. ஐப்பசி மழை, இடி வேறு. நெட்வேர்க் கேபிள் செருகும் லான் போர்ட் கருகிவிட்டது என்றே நினைத்தேன். கேபிள், சுவிட்ச், ரவுட்டர் எல்லாம் மாற்றியாயிற்று. போர்ட்டில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதையாவது யோசித்திருக்கலாம்.

போர்ட்டுக்கு சேர்வர் வைத்திருக்கும் பெயரைப் பார்க்க 'ஐபி லிங்க்' கட்டளையை அடித்தேன்: 'ஈஎன்பி3எஸ்0'. நெட்வேர்க் அமைப்பை எழுதிவைக்கும் நெட்பிளான் கோப்பில் 'ஈஎன்பி2எஸ்0'. முதல்நாள்தான் பழைய கிராபிக்ஸ் கார்ட் ஒன்றைச் செருகியிருந்தேன். அதனால் போர்ட்டின் பிசிஐ எண், அதாவது மதர்போர்ட்டில் அதன் இட எண், ஒன்று தள்ளிப்போயிருக்கிறது; அந்த எண்ணை வைத்துத்தான் பெயரும். மதர்போர்ட்டிலேயே பதித்த போர்ட்டுக்குப் பெயர் மாறும் என்று யார் கண்டது? இல்லாத பெயருக்காகத்தான் அந்த 120 விநாடிக் காத்திருப்பு.

போர்ட்டைப் பெயரால் தேடாமல் இருக்க, கோப்பில் 'மெட்ச்' பகுதி சேர்த்து மேக் முகவரியை (போர்ட்டிலேயே பதிந்த அடையாள எண்) கொடுத்தேன். மாற்றத்தை நடைமுறைப்படுத்த 'நெட்பிளான் அப்ளை', ஒரு ரீஸ்டார்ட். சரி, வந்துவிட்டது.