வெறுமையாக இருந்த விபத்துப் பதிவேடு

பாதுகாப்புப் பொறுப்பு என் தலையில் விழுந்தபோது எங்கள் ஆலையின் விபத்துப் பதிவேட்டில் 7 மாதங்களாக ஒரு வரிகூட இல்லை. மேலதிகாரிகளுக்கு அதில் பெருமை. எனக்கோ வயிற்றைக் கலக்கியது. முதலுதவிப் பெட்டியில் கட்டுத்துணி மட்டும் வாராவாரம் தீர்ந்துகொண்டிருந்ததே!

காரணம் சுவரிலேயே தொங்கியது: ‘விபத்தில்லா நாட்கள்’ பலகை. எண் ஏறிக்கொண்டே போனால் எல்லோருக்கும் ஊக்கத்தொகை. விரலில் வெட்டுப்பட்டவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் வருமானத்தில் மண் விழும். பலகையைக் கழற்றச் செய்தேன். அதற்கே மூன்று கூட்டங்கள். பிறகு நான்கு வரிப் படிவம்: எங்கே, எப்போது, என்ன நடந்தது, என்ன நடந்திருக்கக்கூடும். பெயர் வேண்டாம்.

இரண்டாம் வாரம் எண்ணெய்க் கறையோடு முதல் தாள் வந்தது. “பவர் பிரஸ் கதவு திறந்திருந்தாலும் ஓடுகிறது.”

பவர் பிரஸ் என்பது உலோகத் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் இயந்திரம். போய்ப் பார்த்தேன். கதவு திறந்தால் இயந்திரத்தை நிறுத்த வேண்டிய சுவிட்சைக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கம்பியில் துரு ஏறியிருந்தது. அவ்வளவு பழைய ஏற்பாடு. யாரையும் திட்டவில்லை, ஏன் என்று மட்டும் கேட்டேன். கீல் தளர்ந்து கதவு ஆடுவதால் இயந்திரம் அடிக்கடி நின்றுவிடுகிறதாம். கீலை மாற்றினோம், கம்பியை வெட்டினோம். செய்ததை அதே தாளின் அடியில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன்.

அடுத்த மாதம் 11 தாள்கள். “விபத்து பெருகிவிட்டதா?” என்று மேலாளர் பதறினார். கட்டுத்துணிக் கணக்கை எடுத்து அவர் மேசைமேல் வைத்தேன். அது பாதியாகக் குறைந்திருந்தது.