ராத்திரியில் மட்டும் கிராஷ் ஆகும் டெஸ்க்டாப்: எங்கே தொடங்கி எப்படிப் பார்ப்பது

ராத்திரி ஒரு ரெண்டரிங்கையோ பெரிய டவுன்லோடையோ போட்டுவிட்டுப் படுக்கிறீர்கள். காலையில் வந்து பார்த்தால் வேலை பாதியில் நின்றிருக்கிறது, திறந்து வைத்திருந்த விண்டோ ஒன்றுகூட இல்லை. பகலில் கேம், எடிட்டிங் என்று எவ்வளவு வேலை வாங்கினாலும் அசராத அதே மெஷின். இதைச் சொன்னதுமே ரேமை மாற்று, எஸ்எம்பிஎஸ்ஸை (மெஷினுக்குக் கரண்ட் தரும் பவர் சப்ளை பெட்டி) மாற்று, விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடு என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். தயவுசெய்து இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள், எதையும் ஃபார்மட் செய்யாதீர்கள். பகலில் ஓடுகிறது, ராத்திரியில் விழுகிறது என்றால் ராத்திரியில் மட்டும் என்ன நடக்கிறது என்றுதான் தேட வேண்டும், அந்தப் பட்டியல் அவ்வளவு நீளமில்லை: மெஷின் சும்மா இருக்கிறது, ஸ்லீப்புக்குப் போகிறது, அப்டேட்டும் பேக்கப்பும் ஓடுகின்றன, வீட்டுக் கரண்டின் வோல்டேஜ் மாறுகிறது.

காலையில் எழுந்ததும் பவர் பட்டனில் கை வைக்காமல் முதலில் மெஷின் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். லாகின் திரை காத்திருக்கிறதா, மொத்தமாக அணைந்து கிடக்கிறதா, அல்லது ஃபேன் ஓடிக்கொண்டிருக்க திரை மட்டும் கறுப்பாக இருக்கிறதா? மூன்றும் மூன்று வெவ்வேறு கோளாறுகள். திரை கறுப்பாக இருந்தால் கீபோர்டில் நம் லாக் (Num Lock) பட்டனைத் தட்டுங்கள். அதன் விளக்கு மாறி மாறி எரிந்தால் மெஷின் உயிரோடுதான் இருக்கிறது, படம்தான் வரவில்லை. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும், பல சமயம் படம் திரும்பி வந்துவிடும். வந்துவிட்டால் நீங்கள் தேட வேண்டியது கிராஃபிக்ஸ் டிரைவரிலும் மானிட்டர் கேபிளிலும்தான். விளக்கு அசையவே இல்லை என்றால் மெஷின் நிஜமாகவே உறைந்துவிட்டது.

அடுத்தது நேரம். ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்று போங்கள். கெர்னல் பவர் 41 என்று ஒரு சிவப்புப் பதிவு இருக்கும். அதைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று முடிவுகட்டுபவர்கள் நிறைய பேர். 41 சொல்வதெல்லாம் போன முறை மெஷின் முறையாக அணைக்கப்படவில்லை என்பதை மட்டும்தான். அது எழுதப்படுவதும் மெஷின் மறுபடி எழும்போதுதான், அதனால் அதன் மேல் இருக்கும் நேரம் நீங்கள் காலையில் ஆன் செய்த நேரமாக இருக்கலாம், விழுந்த நேரம் அல்ல. விழுந்த நேரம் வேண்டுமானால் 6008 என்ற பதிவைத் திறந்து அதன் வாசகத்தைப் படியுங்கள், முந்தைய ஷட்டவுன் இத்தனை மணிக்கு எதிர்பாராமல் நடந்தது என்று உள்ளே ஒரு நேரம் இருக்கும். கிட்டத்தட்ட அதுதான் மெஷின் கடைசியாக மூச்சு விட்ட நேரம். ஒவ்வொரு முறை விழும்போதும் இதையும் காலையில் பார்த்த நிலையையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள், இது கொஞ்சம் சேர்ந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

நேரம் தினமும் இரண்டு மணி, இரண்டேகால் என்று ஒரே இடத்தில் விழுந்தால் அது யாரோ நேரம் குறித்து வைத்த வேலை. விண்டோஸின் தானியங்கிப் பராமரிப்பு வழக்கமாக அதிகாலை 2 மணிக்கு வைக்கப்பட்டிருக்கும், ஆன்டிவைரஸ் ஸ்கேனும் பேக்கப்பும் அதே மாதிரி நேரங்களில் தொடங்கும். டாஸ்க் ஷெட்யூலரில் அந்த நேரத்துக்கு என்ன இருக்கிறது என்று பாருங்கள். நேரம் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் சிதறிக் கிடந்தால் கரண்ட் அல்லது ஹார்டுவேர் பக்கம் சாயலாம்.

அதே பட்டியலில் 1074 என்ற பதிவு இருந்தால், சந்தோஷப்படுங்கள், அது கிராஷே இல்லை. ஏதோ ஒரு ப்ரோகிராம் முறைப்படி ரீஸ்டார்ட் கேட்டிருக்கிறது, எது என்று பெயரும் அதிலேயே இருக்கும், பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட்டாக இருக்கும். செட்டிங்ஸில் ஆக்டிவ் ஹவர்ஸ் (அப்டேட் தானாக ரீஸ்டார்ட் செய்யாத நேரம்) என்பதை அதிகபட்சம் 18 மணி நேரம் வரை வைக்கலாம், ராத்திரி வேலை ஓட வேண்டியவர்கள் ராத்திரி அதற்குள் வருகிற மாதிரி வையுங்கள். முக்கியமான ரெண்டரிங் இருக்கிற வாரத்தில் அப்டேட்டையே பாஸ் (Pause) செய்து நிறுத்தி வைக்கலாம், பிறகு மறக்காமல் அந்த பாஸை எடுத்துவிடுங்கள்.

1074 இல்லை, 41தான் இருக்கிறது என்றால் அதைத் திறந்து டீடெயில்ஸ் பக்கத்தில் பக்செக்கோட் என்ற வரியைப் பாருங்கள். அங்கே 0 தவிர வேறு எண் இருந்தால் ப்ளூ ஸ்கிரீன், அதாவது விண்டோஸ் பெரிய பிழையில் நின்றுபோகும்போது காட்டும் நீலத் திரை, வந்திருக்கிறது. 159 என்றால் ஸ்லீப்புக்குப் போகும்போதோ எழும்போதோ ஒரு டிரைவர் சொன்னபடி கேட்கவில்லை, ராத்திரிக் கிராஷில் அடிக்கடி பார்க்கிற எண் இது. 292 என்றால் ஹார்டுவேர் பிழையை ப்ராசஸரே புகார் செய்திருக்கிறது. 26 நினைவகம் பக்கம், 122 டிஸ்க்கிலிருந்து படிக்க முடியாமல் போனது. 0 என்று இருந்தால் கரண்ட் போயிருக்கலாம், மெஷின் உறைந்திருக்கலாம், உறைந்த மெஷினைக் காலையில் நீங்களே பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்திருந்தாலும் 0தான் வரும். அதனால்தான் காலையில் பார்த்த நிலையையும் எழுதி வைக்கச் சொல்கிறேன்.

ப்ளூ ஸ்கிரீன்தான் என்று தெரிந்துவிட்டால், அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸில் ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரி என்ற இடத்தில் ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட் டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை விழுந்தால் அந்த நீலத் திரை நீங்கள் வரும்வரை அப்படியே நிற்கும், போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற ஃபோல்டரில் இருக்கும் ஃபைலை ப்ளூஸ்கிரீன்வியூ மாதிரி இலவச டூலில் திறந்தால் எந்த டிரைவர் என்று காட்டும். அது விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் ஃபைலின் பெயரைக் காட்டினால் அதை நம்பி விண்டோஸை மறுபடி போட வேண்டாம். பெரும்பாலும் வேறு எதுவோ கெடுத்த நினைவகத்தில் கெர்னல் போய்க் கால் வைத்திருக்கும், அவ்வளவுதான்.

ஸ்லீப் மேல் சந்தேகம் என்றால் சோதிப்பது சுலபம். ஒரு ராத்திரி ஸ்லீப், ஹைபர்னேட் இரண்டையும் நெவர் என்று வைத்துவிட்டு விடுங்கள். விழவில்லை என்றால் கிடைத்துவிட்டது. ஸ்லீப்பை ஐந்து நிமிடத்துக்கு வைத்துப் பகலிலேயே அந்தக் கோளாறை வரவழைத்து, சிப்செட், நெட்வொர்க், கிராஃபிக்ஸ் டிரைவர்களை ஒவ்வொன்றாக அப்டேட் செய்து பார்க்கலாம். பவர் ஆப்ஷன்ஸில் பிசிஐ எக்ஸ்பிரஸ் லிங்க் ஸ்டேட் என்பதை ஆஃப் செய்வதும் சில எஸ்எஸ்டிகளுக்கு உதவும், முக்கியமாக சிஸ்டம் லாகில் 129 என்ற எண்ணில் டிஸ்க் ரீசெட் ஆன பதிவுகள் வரிசையாக இருந்தால். அப்படி இருந்தால் உடனே டேட்டாவை வேறு டிரைவில் காப்பி எடுத்துவிட்டு, பிறகு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் டிரைவின் உடல்நிலையைப் பாருங்கள். காப்பிதான் முதலில், சோதனை பிறகு.

எதை மாற்றினாலும் ஒரு ராத்திரிக்கு ஒன்று மட்டும் மாற்றுங்கள். ஒரு சோதனைக்கு ஒரு முழு ராத்திரி செலவாகிறதே என்று பொறுமையிழந்து நான்கை ஒரே நாளில் மாற்றிவிட்டால், சரியானால்கூட எது சரிசெய்தது என்று தெரியாது, இரண்டு வாரத்தில் திரும்பி வந்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இப்போது கரண்ட். நம் ஊரில் இதை விட்டுவிட்டுப் பேச முடியாது. ராத்திரியில் கரண்ட் ஒரு நொடி போய் வந்திருந்தால் தூங்குகிறவர்களுக்குத் தெரியாது. யுபிஎஸ்ஸில் இல்லாத ஒரு வைஃபை ரூட்டர் இருந்தால் அதன் அட்மின் பக்கத்தில் அப்டைம் என்று ஒரு வரி இருக்கும், எவ்வளவு நேரமாக விடாமல் ஓடுகிறது என்று. ரூட்டரும் 6008 காட்டிய அதே நேரத்தில் புதிதாகத் தொடங்கியிருந்தால் குற்றவாளி மெஷின் இல்லை. அப்புறம் யுபிஎஸ்ஸைச் சோதியுங்கள்: திறந்திருப்பதையெல்லாம் சேவ் செய்துவிட்டு, ஏதாவது ஒரு வீடியோவை ஓடவிட்டு, சுவரில் யுபிஎஸ்ஸின் ஸ்விட்சை அணையுங்கள். மெஷின் உடனே அணைந்தால் பேட்டரி போய்விட்டது. வீட்டு யுபிஎஸ் பேட்டரிகள் இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும், விளக்கு பச்சையாக எரிந்தாலும் உள்ளே தெம்பு இருக்காது. யுபிஎஸ் இல்லாமல் வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் அதன் பின்னால் யுபிஎஸ் மோட் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். நார்மல் மோடில் கரண்ட் மாறும் இடைவெளியை ஃபேனும் லைட்டும் தாங்கும், கம்ப்யூட்டர் பல சமயம் தாங்காது. ராத்திரியில் தெருவில் லோடு குறையும்போது வோல்டேஜ் ஏறுகிற இடங்களும் உண்டு, அதை அளக்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும்.

கரண்டும் சுத்தம், லாகிலும் ஒன்றும் சிக்கவில்லை என்றால் சாஃப்ட்வேரா ஹார்டுவேரா என்று பிரிக்க எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று உண்டு. உபுன்டு மாதிரி ஒரு லினக்ஸை பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, இன்ஸ்டால் செய்யாமல் டிரை என்பதைத் தேர்ந்தெடுத்து, அதிலும் ஸ்லீப்பை அணைத்துவிட்டு, ராத்திரி முழுக்க சும்மா விடுங்கள். அங்கேயும் விழுந்தால் விண்டோஸுக்கும் அதன் டிரைவர்களுக்கும் இதில் பங்கில்லை. விழாமல் இருந்தால் விண்டோஸ் பக்கம் திரும்புங்கள். இன்னொரு ராத்திரி ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 டூலை ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான். பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் மதர்போர்டு செட்டிங்ஸ்) ரேமை அதிக வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள், அதிலும் வந்தால் ஒரு நேரத்தில் ஒரு ரேம் ஸ்டிக் மட்டும் வைத்துப் பாருங்கள்.

லினக்ஸில் சும்மா இருக்கும்போது விழுகிறது, மெம்டெஸ்ட் ராத்திரி முழுக்க நன்றாக ஓடுகிறது என்றால் ப்ராசஸரின் ஓய்வு நிலையைச் சந்தேகப்படுங்கள். வேலை இல்லாதபோது ப்ராசஸர் மிகக் குறைந்த கரண்டுக்கு இறங்கும், சில எஸ்எம்பிஎஸ்ஸும் போர்டும் அந்த அடிமட்டத்தில் தடுமாறும். ஏஎம்டியின் ரைசன் ப்ராசஸர் உள்ள மெஷின்களில் பயாஸில் பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல் என்று ஒன்று இருந்தால் அதை டிபிக்கல் கரண்ட் ஐடில் என்று மாற்றிப் பாருங்கள், பழைய ரைசன்களில் இது ஒன்றே பலருக்குத் தீர்வாக இருந்திருக்கிறது. இன்டெல் 13, 14வது தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் வேறு எதையும் செய்வதற்கு முன் பயாஸை அப்டேட் செய்ய வேண்டும். அவற்றில் வோல்டேஜ் அளவுக்கு மேல் போவதால் ப்ராசஸர் நிலைகுலைகிறது என்று 2024ல் இன்டெலே ஒப்புக்கொண்டது, அந்த வருடம் செப்டம்பரில் பயாஸ் அப்டேட்டோடு வந்த மைக்ரோகோட் (ப்ராசஸருக்குள் ஓடும் திருத்தம்) குறிப்பாகச் சும்மா இருக்கும் நேரத்தின் வோல்டேஜைத் திருத்தியது, 2025ல் வந்தது நாள்கணக்கில் லேசான வேலையோடு ஓடும் மெஷின்களுக்கானது. ஏற்கனவே பாதிக்கப்பட்ட ப்ராசஸரை அப்டேட் குணமாக்காது, ஆனால் அவற்றுக்கு வாரன்டியை இரண்டு வருடம் நீட்டியிருக்கிறார்கள், கேட்டு வாங்குங்கள். பயாஸ் அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் போர்டே போய்விடலாம், நல்ல யுபிஎஸ்ஸில் வைத்துப் பகலில் செய்யுங்கள்.

வெப்பத்தைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் பகலில் முழு வேகத்தில் தாங்குகிற மெஷின் ராத்திரி சும்மா இருந்து சூட்டில் விழுவது அபூர்வம். ராத்திரி ரெண்டரிங் ஓடுகிறது, ஏசி அணைந்துவிட்டது, கேபினெட் மேசைக்கடியில் சுவரோடு ஒட்டி நிற்கிறது என்றால் மட்டும் யோசியுங்கள். வெப்பநிலையைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ டூலில் லாகிங்கை ஆன் செய்துவிட்டுப் படுத்தால் ஃபைலின் கடைசி வரியில் விழுவதற்குச் சற்று முன் இருந்த வெப்பநிலை இருக்கும்.

இத்தனைக்கும் பிறகு சர்வீஸ் கடைக்குத்தான் போக வேண்டும் என்றால் அந்தத் தாளையும் எடுத்துப் போங்கள். வெறும் கையோடு போனால் பத்து நிமிடம் ஆன் செய்து பார்த்துவிட்டு நன்றாகத்தானே ஓடுகிறது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எத்தனை மணிக்கு விழுகிறது, பக்செக்கோட் என்ன, லினக்ஸில் விழுந்ததா, மெம்டெஸ்ட் என்ன சொன்னது என்று காட்டி, ஒரு முழு ராத்திரி ஆனில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், வேறு எஸ்எம்பிஎஸ் ஒன்றை மாட்டி அடுத்த ராத்திரியும். கொடுப்பதற்கு முன் டேட்டா டிரைவைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.