பிள்ளைக்கு முதல் ஆன்லைன் கேம் கணக்கு: அம்மா அப்பாவுக்கான செய்முறை

ரோப்லாக்ஸ், மைன்கிராஃப்ட், ஃபோர்ட்நைட். பத்து வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் இந்த மூன்றில் ஒரு பெயராவது காதில் விழாமல் இருக்காது. இவற்றை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். ஒரு மாலை நேரம் ஒதுக்கினால் எல்லாவற்றையும் செய்து முடித்துவிடலாம்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்று. சண்டைக் காட்சியும் துப்பாக்கியும்தான் நம் கண்ணில் முதலில் படும். ஆனால் யார் நம் பிள்ளையோடு பேசுகிறார்கள், யார் அதனிடம் காசு கேட்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளும்தான் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த இரண்டையும் சுற்றித்தான்.

படி 1: எது எப்படிப்பட்டது என்று பாருங்கள்

மைன்கிராஃப்ட் 2011-இல் முழுமையாக வெளிவந்தது. சதுரக் கட்டிகளை அடுக்கி வீடு கட்டலாம், சுரங்கம் தோண்டலாம். பலர் சேர்ந்து ஆடும் மல்டிபிளேயர் வசதியை மூடிவிட்டுத் தனி ஆளாக விளையாடினால், அந்த உலகத்துக்குள் வேறு யாரும் வரமுடியாது. அதிலும் கிரியேட்டிவ் மோடில் பொருள் தீராது, எதிரி தாக்கினாலும் ஒன்றும் ஆகாது. சின்னப் பிள்ளை என்றால் இங்கிருந்து தொடங்குங்கள்.

2006-இல் வந்த ரோப்லாக்ஸ் ஒரு தனி விளையாட்டே இல்லை. பயனர்களே உருவாக்கிப் போட்ட எண்ணற்ற விளையாட்டுகள் அதற்குள் இருக்கின்றன. ஆகவே, "ரோப்லாக்ஸ் நல்லதா?" என்று யாரிடம் கேட்டும் பயனில்லை. பிள்ளை அதற்குள் எந்த விளையாட்டை ஆடுகிறது என்று பெயர் கேட்டு, அதைத் திறந்து பாருங்கள்.

ஃபோர்ட்நைட்டின் பிரபலமான பகுதி, 100 பேர் இறங்கிக் கடைசி ஆள் வரை மோதும் போட்டி. சின்னப் பிள்ளைகளுக்கு அது வேண்டாம்.

ஆப் ஸ்டோர்களில் போட்டிருக்கும் வயதுக் குறியீட்டையும் பாருங்கள். ஆனால் அது விளையாட்டின் உள்ளடக்கத்தைத்தான் மதிப்பிடுகிறது. உள்ளே மற்றவர்கள் என்ன பேசுவார்கள் என்பது அந்தக் கணக்கில் வராது.

படி 2: கணக்கை நீங்களே தொடங்குங்கள்

பிறந்த தேதியை உண்மையாகக் கொடுங்கள். இந்தப் படியில் இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை. அமெரிக்காவில் 1998-இல் வந்த சட்டம், 13 வயதுக்குக் கீழான பிள்ளைகளின் தகவலைச் சேகரிக்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. பல கேம்களில் 13 ஒரு எல்லைக்கோடாக இருப்பதற்கு அது ஒரு பெரிய காரணம். வயதைக் கூட்டிப் போட்டால், சின்னப் பிள்ளைகளுக்கென்று வைத்திருக்கும் தடுப்புகள் எல்லாம் அந்தக் கணக்குக்குக் கிடைக்காமல் போகும்.

மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்கட்டும். பயனர் பெயரில் சொந்தப் பெயர், பள்ளி, பிறந்த வருடம் எதுவும் வேண்டாம்.

அப்புறம் உங்களுக்கும் ஒரு கணக்கு. ரோப்லாக்ஸில் 2024 நவம்பரிலிருந்து பெற்றோர் தங்கள் கணக்கைப் பிள்ளையின் கணக்கோடு இணைத்துக்கொள்ளலாம். நண்பர்கள் யார், எவ்வளவு நேரம் விளையாடியிருக்கிறது என்பதை உங்கள் போனிலிருந்தே பார்க்க முடியும்.

படி 3: சாட்

இங்கே அவசரப்படாதீர்கள். செட்டிங்ஸில் எழுத்துச் சாட், குரல் சாட், நண்பர் அழைப்பு என்று மூன்றும் தனித்தனியாக இருக்கும். ஒன்றை மூடினால் மற்றவையும் மூடிவிட்டன என்று நினைத்துவிட வேண்டாம். தொடக்கத்தில் மூன்றையும் மூடுங்கள். பிறகு, நேரில் தெரிந்த நண்பர்களுக்கு மட்டும் ஒவ்வொன்றாகத் திறக்கலாம்.

கம்பெனி வைத்திருக்கும் அமைப்பை அப்படியே நம்பவும் கூடாது. ஃபோர்ட்நைட்டில் பிள்ளைகளுக்கும் குரல் சாட்டும் எழுத்துச் சாட்டும் தானாகவே திறந்திருந்தன என்பது, 2022-இல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் அதை உருவாக்கிய எபிக் நிறுவனத்தின்மேல் வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. அந்தக் குற்றச்சாட்டுகள் எல்லாவற்றையும் தீர்க்க நிறுவனம் ஒப்புக்கொண்ட மொத்தத் தொகை 520 மில்லியன் டாலர்.

ஆபத்து எப்படி வரும் என்பதைப் பிள்ளையிடம் நேராகவே சொல்லுங்கள். மிரட்டலோடு யாரும் ஆரம்பிப்பதில்லை. "சூப்பரா ஆடுற! உனக்கு என்ன வயசு?" என்று வரும். கொஞ்ச நாளில் "எந்த ஸ்கூல்?" அப்புறம் "இங்க வேணாம், டிஸ்கார்டுக்கு வா, அங்க பேசலாம்." டிஸ்கார்டு என்பது விளையாட்டுக்கு வெளியே இருக்கும் ஒரு அரட்டை ஆப். விளையாட்டுக்குள் இருக்கும் சாட்டில் வடிகட்டியும் கண்காணிப்பும் இருக்கின்றன. வெளியே கூப்பிடுவது அதிலிருந்து தப்பிக்கத்தான். இந்த ஒரு வரியைப் பிள்ளைக்கு மனப்பாடமாக ஆக்கிவிடுங்கள்: வேறு ஆப்புக்கு யார் கூப்பிட்டாலும் முதலில் என்னிடம் சொல்.

படி 4: காசு

ரோப்லாக்ஸில் ரோபக்ஸ், ஃபோர்ட்நைட்டில் வி-பக்ஸ். நிஜக் காசை இப்படி விளையாட்டுக் காசாக மாற்றியதும், செலவு செலவாகவே தெரியாது. ஒரு தொப்பியின் விலை ஒரு எண், கையில் இருப்பது வேறு எண். கொஞ்சம் குறையும், இன்னொரு பொதி வாங்கச் சொல்லும். பிள்ளையோடு உட்கார்ந்து, அந்தத் தொப்பியின் விலையை நிஜப் பணத்தில் ஒருமுறை கணக்குப் போட்டுக் காட்டுங்கள். எந்த அறிவுரையையும்விட அது நன்றாக வேலை செய்யும்.

கார்டு விவரத்தைக் கணக்கில் சேமிக்காதீர்கள். ஆப் ஸ்டோரில் ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். செலவு செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கிஃப்ட் கார்டு வாங்கிக் கொடுத்தால், அது தீர்ந்ததும் செலவும் நின்றுவிடும்.

"இலவச ரோபக்ஸ்" என்று வரும் எந்த லிங்க்கும் ஏமாற்றுதான். பாஸ்வேர்டைக் கொடுத்தால் கணக்கே கைமாறிவிடும்.

படி 5: நேரம்

மணி அடித்ததும் நிறுத்து என்றால் ஏன் சண்டை வருகிறது? குழுவாக ஆடும் போட்டியில் நடுவில் வெளியேறினால், உடன் ஆடுபவர்களைக் கைவிட்டதாகிவிடும். அந்த வருத்தம் நிஜமானது. அதனால் நிமிடத்தில் பேசாமல் ஆட்டத்தில் பேசுங்கள்: "இன்னும் ஒரு ரவுண்டு, அவ்வளவுதான்." மைன்கிராஃப்டில் ஒரு பகலும் இரவும் சேர்ந்து 20 நிமிடம். "இன்னொரு நாள் விடிந்ததும் நிறுத்திக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். தன் உலகம் உங்களுக்கும் தெரியும் என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

முதல் சில நாள் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஆடுங்கள். நன்றாக ஆட வேண்டும் என்ற அவசியமே இல்லை. யார் எதைக் கேட்கிறார்கள், எந்தப் பட்டன் மின்னிக்கொண்டே இருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்து ஆடும்போதுதான் தெரியும்.

படி 6: ஏதாவது நடந்துவிட்டால்

இதை முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்: "நீ வந்து சொன்னால் கேமைப் பிடுங்க மாட்டேன்." சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். டேப்லெட் போய்விடும் என்ற பயத்தில்தான் பல பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை.

சரி, வந்து சொல்லிவிட்டது. முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பயனர் பெயர் தெளிவாகத் தெரியும்படி. அடுத்து ரிப்போர்ட், அதன் பிறகு பிளாக். யாராவது படம் கேட்டிருந்தால், மிரட்டியிருந்தால், நேரில் சந்திக்கக் கூப்பிட்டிருந்தால், விளையாட்டு நிறுவனத்தோடு நிறுத்தாமல் காவல்துறைக்கும் போங்கள். கோபத்தில் உரையாடலையோ கணக்கையோ அழித்துவிடாதீர்கள். புகார் கொடுக்க உங்களிடம் இருக்கும் ஆதாரமே அதுதான்.