மகளுக்காக வீட்டுக்குள் ஒரு மலை

மஸ்கெலியாவில் எங்கள் முன்னறையில் மகளுக்கு ஏறுசுவர் செய்தபோது, 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் எங்கள் பக்கத்துச் சிவனொளிபாத மலையின் கூம்பை வரைந்தேன். மலையேறும் வழிகளில் நல்லதண்ணிப் பாதைக்கு மஞ்சள் பிடிகள், நெருக்கமாக. இரத்தினபுரிப் பாதை நீளமானது. அதற்குச் சிவப்பு, எட்டிப் பிடிக்கிற மாதிரி. உச்சியில் சின்ன மணி. மலையில் அடிப்பதுபோலவே, எத்தனையாவது தடவை ஏறினாளோ அத்தனை தடவை அடிப்பாள். அந்தச் சத்தத்துக்காகவே ஏறுகிறாள்!

பலகையைப் பொருத்துமுன் 20 சென்டிமீட்டருக்கு ஒரு துளை போட்டு, பின்பக்கம் டீ-நட் (பிடியின் போல்ட்டை இறுக்க, பலகைக்குள் பதியும் பல்லுள்ள நட்) அடித்துவிடுங்கள். அப்புறம் பிடிகளை மாற்றிப் புதுப்பாதை போடலாம். நம்ம ஊர் ஈரத்தில் ஓரம் ஊறினால் பலகை உப்பிவிடும். ஓரங்களுக்கும் பின்பக்கத்துக்கும் வார்னிஷ் கட்டாயம். பெயின்டில் சலித்த மணல் கொஞ்சம் கலந்தால் கால் வழுக்காது. சட்டத்தை உறுதியான சுவரில் போல்ட் போட்டு இறுக்குங்கள். கீழே தடித்த மெத்தை.