திருகோணமலையிலிருந்து அணுத்துறைக்கு ஆட்களைப் பயிற்றுவிப்பது எப்படி

ஆட்களைக் கொழும்புக்கோ, சர்வதேச அணுசக்தி முகவர் நிலையம் இருக்கும் வியன்னாவுக்கோ அனுப்புவதிலிருந்து பயிற்சியைத் தொடங்காதீர்கள். இங்கே செய்யவேண்டிய வேலை எது என்று முதலில் எழுதுங்கள். வெளிநாட்டுப் பயிற்சி முடித்து வந்தவருக்கு ஊரில் தொடுவதற்கு ஒரு மானிகூட இல்லையென்றால், கற்ற கை விரைவில் மறந்துவிடும். அல்லது அவர் வேறு நாட்டுக்குப் போய்விடுவார். இந்த வழிகாட்டி தொழில்நுட்பக் கல்லூரிப் போதனாசிரியர்கள், வளாக விரிவுரையாளர்கள், உயர்தரப் பௌதிகவியல் ஆசிரியர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்டது.

முதலில் வேலைப் பட்டியல்

இலங்கையில் அணுமின் உலை இல்லை. ஆனாலும் திருகோணமலை மாவட்டத்தில் மூன்று இடங்களில் இந்த அறிவு இன்றைக்கே தேவைப்படுகிறது. சீனக்குடாவில் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகளும் துறைமுகத்தைச் சுற்றிய குழாய்வழிகளும் இருக்கின்றன. அவற்றின் தகட்டுத் தடிப்பையும் ஒட்டுகளையும் (வெல்டிங் இணைப்புகளையும்) வெட்டாமல், உடைக்காமல் சோதிக்கவேண்டும். இதுதான் அழிவில்லாச் சோதனை. புல்மோட்டையின் கனிய மணலில் இல்மனைற், ரூட்டைல், சேர்க்கோன் ஆகியவற்றோடு மொனசைற்றும் உண்டு. மொனசைற்றில் இருப்பது தோரியம். மூன்றாவது, வைத்தியசாலைகளின் எக்ஸ்-கதிர் அறைகள்.

ஒவ்வொன்றுக்கும் பணிகளைச் சின்னச் சின்னதாக உடைத்து எழுதுங்கள். 'கதிர்ப்படம் எடுத்தல்' (காமாக் கதிரால் ஒட்டின் உள்ளே படம்பிடிப்பது) என்று எழுதினால் அதைக் கற்பிக்கவும் முடியாது, சோதிக்கவும் முடியாது. 'கதிர்மூலத்தைத் திரும்ப இழுத்தபின் கதிர்வீச்சை அளக்கும் சேர்வே மீற்றரைக் கையில் பிடித்தபடி அணுகி, மூலம் உறைக்குள் வந்துவிட்டதை உறுதிசெய்து, வாசிப்பைப் பதிவேட்டில் எழுதுதல்' என்று எழுதினால் அது ஒரு பணி. அப்படி முப்பது நாற்பது வரிகள் சேர்ந்தால் பாடத்திட்டத்தில் பாதி முடிந்துவிட்டது. அணுமின் நிலையங்களும் இதே முறையைத்தான் பின்பற்றுகின்றன: பணியை ஆராய்ந்து, பயிற்சியை வடிவமைத்து, பாடம் ஆக்கி, நடத்தி, பின்னர் வேலைத்தளத்தில் போய் மதிப்பிடுவது. கடைசிப் படியைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து வேலைத்தளத்துக்குப் போய்ப் பார்க்காத பயிற்சியை முடிந்த பயிற்சி என்று எண்ணவேண்டாம்.

யாரை எடுப்பது, எந்தச் சட்டத்துக்குள்

தொழில்நுட்பப் பிரிவில் உயர்தரம் படித்தவர்களும் ஒட்டுவேலை தெரிந்தவர்களும் நல்ல தெரிவு. பணம் கட்டவைப்பதற்கு முன்னரே கண்பார்வையைச் சோதியுங்கள். அழிவில்லாச் சோதனைச் சான்றிதழுக்கான ஐஎஸ்ஓ 9712 தரம், 30 சென்ரிமீற்றருக்குக் குறையாத தூரத்தில் ஜேகர் 1 எழுத்தையோ ரைம்ஸ் ரோமன் 4.5 எழுத்தையோ வாசிக்கவேண்டும் என்கிறது. கண்ணாடி அணிந்தாலும் சரி. இதை ஆண்டுதோறும் திரும்பச் சோதிக்கவேண்டும். நிறப் பார்வையும் பார்க்கப்படும்.

கதிர்மூலம் எதையும் வாங்குவதற்கு முன்னர் அணுசக்தி ஒழுங்குறுத்துகைப் பேரவையிடம் எழுத்தில் கேளுங்கள். 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க இலங்கை அணுசக்திச் சட்டம் அனுமதி தரும் அதிகாரத்தை அந்தப் பேரவைக்குத்தான் தருகிறது. சர்வதேசத் தரத்தில் விலக்களிக்கப்பட்ட அளவு சீசியம்-137 க்கு 10 கிலோபெக்கரல் (ஒரு பெக்கரல் என்பது செக்கனுக்கு ஒரு சிதைவு), கோபோல்ட்-60 க்கு 100 கிலோபெக்கரல், அமெரிசியம்-241 க்கு 10 கிலோபெக்கரல். உங்கள் மூலம் இதற்குக் கீழே இருந்தாலும் கேட்டு எழுதிவையுங்கள். வயதையும் பாருங்கள்: 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைக் கதிர்வீச்சு வேலையில் ஈடுபடுத்தக் கூடாது. 16 முதல் 18 வரையான பயிலுநருக்கு ஆண்டு எல்லை 6 மில்லிசீவேட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). வளர்ந்த பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20, எந்தவொரு தனி ஆண்டிலும் 50 ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு 1.

முதல் மாதம்: எண்ணுவது

கதிர்மூலம் இல்லாமலே முதல் மாதத்தை நடத்தலாம். அப்படித்தான் நடத்தவும் வேண்டும். தேவையானவை: தட்டையான முகமுள்ள கைகர் மானி இரண்டு பேருக்கு ஒன்று, இரண்டு அங்குலச் சோடியம் அயடைட் பளிங்குள்ள உணரி ஒன்று, அதற்குரிய பல்வழிப் பகுப்பி (துடிப்புகளை ஆற்றல்வாரியாகப் பிரித்து எண்ணும் கருவி), ஒரு மடிகணினி, ஒவ்வொருவருக்கும் கட்டிய பதிவுப் புத்தகம் ஒன்று. தனித்தாள் வேண்டாம். பென்சிலும் வேண்டாம்.

பின்னணியை, அதாவது மாதிரி எதுவும் வைக்காதபோது சூழலிலிருந்து வரும் கதிர்வீச்சை, எண்ணுவது முதல் பயிற்சி. பத்து நிமிடத்தில் 400 எண்ணிக்கை வந்தால், அதன் வர்க்கமூலமான 20 தான் அதிலுள்ள நிச்சயமின்மை. அதே பத்து நிமிடத்தில் மாதிரியை வைத்து 900 வந்தால் அதற்கு 30. கழித்தால் மாதிரிக்கு 500. நிச்சயமின்மையோ 10 ஆகக் குறையாது, 36 ஆகக் கூடும், ஏனென்றால் 400 ஐயும் 900 ஐயும் கூட்டித்தான் வர்க்கமூலம் எடுக்கவேண்டும். இந்தக் கணக்குக் கைக்கு வரும்வரை அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள். ஒரு நிமிட வாசிப்பைப் பார்த்து 'கதிர்வீச்சுக் கூடிவிட்டது' என்று பதறுகிறவர்கள் எல்லோரும் இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்கள்தான். ஒரு சதவீதத் துல்லியம் வேண்டுமென்றால் 10,000 எண்ணிக்கை வேண்டும். அதற்கு எவ்வளவு நேரம் உட்காரவேண்டும் என்பதை அவர்களையே கணிக்க விடுங்கள்.

அடுத்தது கைகர் குழாயின் மேட்டுநிலம், அதாவது வோல்ற்றளவை ஏற்றினாலும் எண்ணிக்கை அதிகம் மாறாத பகுதி. வோல்ற்றளவை 20 வோல்ற் படிகளில் ஏற்றி, எண்ணிக்கையை வரைபில் குறிக்கவேண்டும். எண்ணத் தொடங்கும் இடத்துக்குப் பிறகு கோடு ஏறத்தாழச் சமமாகப் போகும். அந்தச் சமநிலத்தின் முதல் மூன்றிலொரு பங்கில் வேலை வோல்ற்றளவை வையுங்கள். எண்ணிக்கை மறுபடி செங்குத்தாக ஏறினால் உடனே இறக்குங்கள். அங்கே நின்றுகொண்டிருந்தால் குழாய் கெட்டுவிடும். கைகர் குழாய் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் பிறகு ஏறத்தாழ 100 மைக்ரோசெக்கன் செத்துக் கிடக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிக்கொடுங்கள். செக்கனுக்கு 1,000 வரும் இடத்தில் அது காட்டுவது 909 தான். மிக வலுவான புலத்தில் சில பழைய மானிகள் பூச்சியத்துக்கே விழுந்துவிடும். மானி பூச்சியம் காட்டுகிறது என்று நம்பி உள்ளே போவது உயிராபத்து. ஆகவே தூரத்திலேயே மானியைப் போட்டு, வாசிப்பு ஏறுவதைப் பார்த்துக்கொண்டே அணுகும் பழக்கம் முதல் வாரத்திலிருந்தே வரவேண்டும்.

கதிர்த்தொழிற்பாடுள்ள பொருளை உரக்கடையில் வாங்கலாம். எம்.ஓ.பி. உரம் பெரும்பாலும் பொற்றாசியம் குளோரைட்டுத்தான். இயற்கைப் பொற்றாசியத்தின் ஒவ்வொரு கிராமிலும் பொற்றாசியம்-40 காரணமாகச் சுமார் 31 பெக்கரல் உண்டு. ஆகவே 60 சதவீதத் தரமுள்ள உரத்தில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 15 கிலோபெக்கரல். ஒரு தட்டில் பரப்பி மானியைக் கிட்டப் பிடித்தால் எண்ணிக்கை பின்னணியைத் தாண்டி ஏறும். இடையில் 3 மில்லிமீற்றர் அலுமினியத் தகடு வைத்தால் பெரும்பகுதி விழுந்துவிடும், ஏனென்றால் பீற்றாத் துணிக்கைகளால் அதைத் தாண்டமுடியாது. எஞ்சுவது காமா. சோடியம் அயடைட் உணரியில் அது 1461 கிலோ இலத்திரன்வோல்ற்றில் உச்சியாகத் தெரியும். நூறு சிதைவுக்குச் சுமார் 10.7 காமா என்பதால் ஒரு கிலோவிலிருந்து செக்கனுக்கு 1,600 அளவில் வெளிவரும். அதில் எத்தனை உங்கள் உணரியில் பதிகிறது என்று வகுத்துப் பார்த்தால் வினைத்திறன் கிடைக்கிறது. இது மலிவான, அனுமதிச் சிக்கலற்ற, தொகை தெரிந்த மாதிரி. ஒவ்வொரு பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலும் இது இருக்கவேண்டும் என்பது எங்கள் வலுவான எண்ணம்.

கடற்காற்று செய்யும் சேதம்

குளிர் நாட்டு வழிகாட்டிகள் இதைச் சொல்வதில்லை. சோடியம் அயடைட் பளிங்கு ஈரத்தை உறிஞ்சும். உறையில் மயிரிழை வெடிப்பு வந்தால் மஞ்சளித்து, உச்சிகள் அகன்றுபோகும். 22 பாகை வைத்திருக்கும் குளிரூட்டிய அறையிலிருந்து 34 பாகை வெயிலுக்கு ஒரேயடியாக எடுத்துப்போனால் பளிங்கு வெடிக்கும். நுரைப்பெட்டிக்குள் வைத்து ஒரு மணிநேரத்துக்கு மேலாக மெல்ல மாறவிடுங்கள். உப்புக்காற்று உயர்வோல்ற் இணைப்பிகளில் பச்சை பிடிக்கவைக்கும். அப்போது மின்கசிவு போலி எண்ணிக்கையாக வரும். பின்னணி திடீரென்று கூடியதுபோலத் தெரியும். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில் வைத்து, ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்துங்கள். வெப்பநிலையோடு உச்சியும் நகரும். ஆகவே ஒவ்வொரு காலையும் சீசியத்தின் 662 கிலோ இலத்திரன்வோல்ற் உச்சி பகுப்பியின் எந்த வழியில் (சனலில்) நிற்கிறது என்று எழுதியபிறகே வேலை தொடங்கவேண்டும்.

புல்மோட்டை மணல்

கனிய மணலை எடுக்க அனுமதி பெறுங்கள். கற்பித்தலுக்கு ஒரு கிலோ போதும். 105 பாகையில் ஒருநாள் உலர்த்தி, அரை லீற்றர் கொள்கலத்தில் நிரப்பி, காற்றுப் புகாமல் மூடி, நான்கு வாரம் வையுங்கள். றேடன்-222 என்பது யுரேனியம் படிப்படியாகச் சிதையும் தொடரில் வரும் வாயு. அதன் அரைவாழ்வு (பாதியாகக் குறையும் காலம்) 3.8 நாள்; அது தப்பிப்போனால் அதன் பின்வரும் பிசுமத்-214 குறைந்து, யுரேனியத் தொடரைக் குறைத்துச் சொல்வீர்கள். பொறுமையில்லாமல் இரண்டாம் நாளே எண்ணுவதுதான் இங்கே வழமையாக நடக்கும் பிழை.

தோரியத் தொடரைத் தாலியம்-208 இன் 2614 கிலோ இலத்திரன்வோல்ற் உச்சியில் படியுங்கள், யுரேனியத் தொடரை 1764 இல். தோரியத் தொடரின் 583 உம் யுரேனியத் தொடரின் 609 உம் கிட்டக்கிட்ட இருப்பதால் சோடியம் அயடைட்டில் ஒன்றாகக் கலந்துவிடும். அவற்றை வைத்துத் தோரியத்தையும் யுரேனியத்தையும் பிரிக்க முயல்வது வீண். வலுவான காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மணல்மேல் ஓட்டினால் இல்மனைற் ஒட்டிக்கொண்டு வரும். எஞ்சியதை மறுபடி எண்ணிப் பார்த்தால் தோரியம் எந்தப் பக்கம் சேர்கிறது என்பது பயிலுநருக்குத் தானே விளங்கும். மணலை ஈரப்படுத்தியே கையாளுங்கள், முகக்கவசம் போடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். தோரியத் தூசியைச் சுவாசிப்பதுதான் இங்குள்ள ஆபத்து. பக்கத்தில் நிற்பதால் வருவது அற்பம்.

தகடும் ஒட்டும்

அல்ட்ராசொனிக் முறை ஒலியின் எதிரொலியை வைத்துத் தடிப்பை அளக்கிறது; அதில் கதிர்வீச்சே இல்லை. ஆனாலும் அதையும் அணுசக்தி நிறுவனங்களே கற்பிக்கின்றன, அதே சான்றிதழ் முறைக்குள் வருவதால். உருக்கில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 5,920 மீற்றர். பழைய தாங்கியில் பூச்சைச் சுரண்டாமல் அளந்தால் ஏமாந்துபோவீர்கள்: பூச்சில் ஒலி மெதுவாகப் போவதால் ஒரு மில்லிமீற்றர் பூச்சு இரண்டரை மில்லிமீற்றர் உருக்குப்போலத் தெரியும். அரித்து மெலிந்த தகடு நல்ல தகடாக வாசிக்கப்படும். எதிரொலிக்கும் எதிரொலிக்கும் இடையே அளக்கும் முறையைப் பயன்படுத்துங்கள், அல்லது அந்த இடத்தைச் சுரண்டுங்கள்.

இரிடியம்-192 கதிர்ப்படத்துக்கு வரும்போது முதலில் கணக்கு, பிறகுதான் களம். 50 கியூரி மூலம் ஒரு மீற்றர் தூரத்தில் மணிக்கு ஏறத்தாழ 240 மில்லிசீவேட் தரும். மணிக்கு 7.5 மைக்ரோசீவேட் எல்லையில் கயிறு கட்டவேண்டும் என்றால், மறைப்பு எதுவுமில்லாமல் 179 மீற்றர் தள்ளிப் போகவேண்டும். பதினாறில் ஒன்றாகக் குறைக்கும் ஒடுக்கி (கதிரை ஒரு பக்கம் மட்டும் விடும் உலோக மறைப்பு) போட்டால் 45 மீற்றர் போதும். மூலத்தின் அரைவாழ்வு 74 நாள். இரண்டரை மாதத்துக்கு முன்னர் படமெடுக்க வைத்த நேரத்தையே இன்றும் வைத்தால் படம் வெளிறும்.

1999 இல் பெருவின் யனாங்கோ நீர்மின் நிலையத்தில் ஓர் ஒட்டுநர் கீழே கிடந்த இரிடியம் மூலத்தை என்னவென்று தெரியாமல் எடுத்துக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவருடைய காலை வெட்டவேண்டி வந்தது. கதிர்ப்படம் எடுப்பவரைப் பயிற்றும்போது, அதே தளத்தில் வேலை செய்யும் ஒட்டுநரையும் காவலாளியையும் அரைநாள் கூட்டி வைத்து, அந்தச் சிறு உலோகத் துண்டின் மாதிரியைக் காட்டுங்கள். கண்டால் தொடாதே, விலகு, சொல். இதற்கு எந்தச் செலவும் இல்லை.

மேலே அனுப்புவது

ஐஎஸ்ஓ 9712 இன் 2012 பதிப்பில், அல்ட்ராசொனிக்கோ கதிர்ப்படமோ முதலாம் மட்டத்துக்கு 40 மணிநேர வகுப்பும் மூன்று மாத வேலை அனுபவமும் வேண்டியிருந்தன; இரண்டாம் மட்டத்துக்கு மேலும் 80 மணிநேரமும் ஒன்பது மாதமும். 2021 இல் அதற்குப் பதிலாகப் புதிய பதிப்பு வந்துவிட்டது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பரீட்சையின் ஒவ்வொரு பகுதியிலும் 70 சதவீதம் எடுக்கவேண்டும். வகுப்பு எளிதில் கிடைக்கும். அனுபவ மாதங்கள்தான் கிடைக்காது. அதனால் ஆளை எடுப்பதற்கு முன்னரே ஒரு நிறுவனத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்து, மேற்பார்வையாளர் கையொப்பமிடும் பதிவேட்டை ஏற்பாடு செய்யுங்கள்.

அழிவில்லாச் சோதனைக்கான தேசிய நிலையம் களனியில் இருக்கிறது, அணுசக்திச் சபை ஒருகொடவத்தையில், காமா நிலையம் பியகமவில். பட்டப்படிப்புக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் அணுவிஞ்ஞானத் துறை உண்டு, கதிரியக்கப்படவியலுக்குப் பேராதனை. இவை ஆங்கிலத்தில் நடக்கும். விளக்கத்தைத் தமிழில் சொல்லுங்கள், பதிவுப் புத்தகத்தை முதல்நாளிலிருந்தே ஆங்கிலத்தில் எழுதவையுங்கள்.

இலங்கை 1957 முதல் சர்வதேச அணுசக்தி முகவர் நிலையத்தின் உறுப்பு நாடு. அதன் புலமைப்பரிசில்களுக்குத் தனியாள் நேரே விண்ணப்பித்தால் மட்டும் போதாது. அணுசக்திச் சபை வழியாகத் திட்டத்தோடு இணைந்து போகவேண்டும். பெண்களுக்கு இன்னொரு வாசல் உண்டு: 2020 இல் தொடங்கிய மேரி ஸ்கொடோவ்ஸ்கா கியூரி புலமைப்பரிசில் முதுமாணிப் படிப்புக்கு ஆண்டுக்கு 10,000 யூரோ வரை கட்டணமும் 10,000 யூரோ வரை வாழ்க்கைச் செலவும் தருகிறது. எங்கள் மாவட்டத்துப் பெண்பிள்ளைகள் பௌதிகவியலில் நன்றாகச் செய்கிறார்கள். இந்தச் செய்தியை அவர்களுக்கு மூன்றாம் ஆண்டிலேயே சொல்லுங்கள், பட்டமளிப்பு முடிந்தபிறகு அல்ல.

திரும்பி வருபவருக்காக மானிகளின் ஆண்டு அளவுதிருத்தத்துக்கும் பற்றரிக்கும் வரவுசெலவில் தனி வரி போடுங்கள். ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு இங்கே வேலை என்பதோடு, ஆண்டுக்கு எத்தனை பேரைப் பழக்கவேண்டும் என்பதையும் எழுதுங்கள். சான்றிதழ் ஐந்து ஆண்டில் காலாவதியாகும். புதுப்பிக்கும் திகதியையும் அடுத்த கண்பரிசோதனைத் திகதியையும் பதிவுப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் சிவப்பு மையில் குறித்துவையுங்கள்.