மொறிஸ் மைனரின் டிபரென்ஷியல் விகிதத்தை வீட்டிலேயே எண்ணிப் பார்க்கும் முறை

பழைய மொறிஸ் மைனர் காருக்கு டிபரென்ஷியல் விகிதம் (பின் சில்லுகள் இரண்டும் ஒரு சுற்றுச் சுற்ற, கியர்பொக்ஸிலிருந்து வரும் ஷாப்ட் எத்தனை சுற்றுச் சுற்றும் என்ற கணக்கு) என்ன என்று கேட்டால், பொனற்றைத் திறந்து எஞ்சினைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள். 948 சீசி என்றால் 4.55, 1098 என்றால் 4.22. வண்டி புதிதாக இறங்கிய காலத்தில் அது சரி. இன்று அதை நம்பிச் சாமான் வாங்கக் கூடாது. எங்கட வண்டி 1959 ஆம் ஆண்டுடையது. இடையில் யாரோ 1098 எஞ்சினை ஏற்றிவிட்டார்கள். பின் அச்சு மட்டும் பழையபடியே 4.55. எஞ்சினைப் பார்த்து 4.22 கிரவுண் வீலும் பினியனும் (டிபரென்ஷியலுக்குள் இருக்கும் பெரிய பல்லுச் சக்கரமும் அதைச் சுற்றும் சின்னதும்) வாங்கியிருந்தால் வண்டியின் குணமே மாறியிருக்கும்.

மைனரின் பின் அச்சில் பின்பக்கம் கழற்றிப் பார்க்க மூடி இல்லை. பல்லைக் கண்ணால் பார்க்க வேணுமென்றால் சில்லைச் சுற்றும் இரண்டு பக்க ஷாப்டையும் இழுத்து, டிபரென்ஷியலை முன்பக்கமாக வெளியே எடுக்க வேணும். விகிதத்தை அறிய மட்டும் அந்த வேலை தேவையில்லை.

சமமான சீமெந்துத் தரையில் வண்டியை நிறுத்தி, முன் சில்லு இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இதில் அவசரப்பட வேண்டாம். ஹாண்ட் பிரேக்கை விட்டால்தான் பின் சில்லு சுற்றும். ஆகவே வண்டியைப் பிடித்திருப்பது அந்தக் கட்டைகள்தான். பின்பக்கம் ஒரு சில்லை மட்டும் ஜக்கில் தூக்கி, அச்சுக்குக் கீழே ஸ்டாண்ட் வைத்து அதில் இறக்குங்கள். கியர் நியூற்றலில் இருக்கட்டும்.

இரண்டு சில்லையும் தூக்கினால் எண்ணிக்கை பிழைக்கும். ஒன்றைச் சுற்ற மற்றது எதிர்ப்பக்கம் சுற்றும், கியர்பொக்ஸிலிருந்து பின் அச்சுக்கு வரும் புறொப் ஷாப்ட் அசையாமல் நிற்கும். ஒன்று தரையில் அழுத்தி நின்றால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் தூக்கிய சில்லு இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் கிரவுண் வீல் ஒரு சுற்றுச் சுற்றும். கணக்கில் இந்த இரண்டை மறக்கக் கூடாது.

ரயரில் வெண்கட்டியால் ஒரு கோடு, அதற்கு நேரே மட்கார்ட்டில் ஒரு கோடு. புறொப் ஷாப்ட் டிபரென்ஷியலோடு சேரும் இடத்தில் நாலு போல்ட் இருக்கும். அதில் ஒன்றுக்கு வெள்ளைப் பெயின்ற் பூசி, அதற்கு நேரே அச்சின் மூக்கிலும் ஒரு பொட்டு வையுங்கள். அடியில் போய்ப் படுக்க வேண்டாம். கைத்தொலைபேசியைத் தரையில் வைத்து வீடியோ எடுத்தால், பிறகு ஆறுதலாக இருந்து எண்ணலாம்.

சில்லை இரண்டே சுற்றுச் சுற்றி, ஷாப்ட் நாலேகாலா நாலரையா என்று பார்ப்பதுதான் வழக்கம். எனக்கு அது போதாது. பழைய வண்டியில் பல்லிடையிலும் ஜொயின்ற்றிலும் இருக்கும் ஆட்டமே அந்த வித்தியாசத்தில் பாதியை விழுங்கிவிடும். பதினெட்டுச் சுற்றுச் சுற்றுங்கள். 4.22 என்பது 9 பல்லுப் பினியனும் 38 பல்லுக் கிரவுண் வீலும், 4.55 என்பது 9 உம் 41 உம். பதினெட்டுச் சுற்றில் கிரவுண் வீல் ஒன்பது சுற்று. அப்போது ஷாப்ட் சரியாக 38 அல்லது 41 சுற்றுச் சுற்றி, வெள்ளைப் போல்ட் பொட்டுக்கு நேரே வந்து நிற்கும். பல்லின் எண்ணிக்கையே கைக்கு வந்துவிடுகிறது, பிரிக்காமலே. மூன்று சுற்று வித்தியாசத்தில் யாரும் குழம்ப முடியாது.

எண்ணத் தொடங்க முன், முன்னோக்கிப் போகும் திசையில் சில்லை மெல்ல உருட்டி ஆட்டத்தை எடுத்துவிட்டு, அதன் பிறகு கோடுகளை நேர்ப்படுத்துங்கள். நடுவில் பின்னுக்குத் திருப்ப வேண்டாம். திருப்பினால் முதலிலிருந்து தொடங்குவதுதான் நல்லது.

ஏறத்தாழ 35 வந்தால் 3.9, மிட்ஜெற் ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து கழற்றியதாக இருக்கலாம், மைனரின் அச்சில் அது பொருந்தும். 48ஐக் கொஞ்சம் தாண்டினால் 803 சீசிக் காலத்து 5.375, அதாவது 8 உம் 43 உம். அதைப் பதினாறு சுற்றில் எண்ணினால் முழு எண்ணாக 43 வரும்.

சந்தேகம் தீராதவர்கள் எஞ்சினின் ஸ்பார்க் பிளக் நாலையும் கழற்றி, நாலாம் கியரில் போட்டு, எஞ்சினைக் கையால் ஸ்டார்ட் செய்யும் ஹாண்டிலை முன்னால் போட்டுச் சுற்றலாம். நாலாம் கியர் நேர் கியர், ஆகவே ஹாண்டில் சுற்றும் எண்ணிக்கையும் ஷாப்டின் எண்ணிக்கையும் ஒன்றே. 41 முறை சுற்றி, தூக்கிய சில்லு சரியாகப் பதினெட்டில் நின்றால் வேறு சாட்சி வேண்டாம். இக்னிஷன் திறப்பைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள்.

வேகமானியையும் கவனிக்க வேணும். அதன் கேபிள் கியர்பொக்ஸிலிருந்து வருவதால், பின்னால் விகிதம் மாறியது அதற்குத் தெரியாது. 4.55க்கு அமைத்த வேகமானியோடு 4.22 அச்சில் ஓடினால், முள் 40 மைலில் நிற்கும்போது வண்டி 43 மைலில் போய்க்கொண்டிருக்கும். மைனரின் பிரேக்கில் அந்த மூன்று மைலும் கணக்குத்தான். வேகமானியைத் திருத்தும் வரைக்கும் முள் காட்டும் வேகத்தோடு நூற்றுக்கு எட்டுக் கூட்டியதுதான் உண்மையான வேகம் என்று நினைத்து ஓட்டுங்கள்.