பூனைக்குட்டி சிறுநீர் கழிப்பதில் நாம் தவறாகக் கணிக்கும் இடங்கள்

குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் எழும் முதல் கேள்வி, 'ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகணும்?' எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொள்வதுதான் முதல் தவறும். வளர்ந்த பூனை 2 முதல் 4 தடவை போகும். குட்டி 5, 6 தடவை போனாலும் இயல்புதான். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு போகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அடிக்கடி போய்ச் சொட்டுச் சொட்டாக விட்டால் சிறுநீர்ப்பையில் எரிச்சலோ அடைப்போ இருக்கலாம். அடிக்கடி போய் நிறையவும் விட்டால், அது எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று கவனிக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு சிக்கல்கள்.

உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளில் சுமார் 20 முதல் 40 மில்லி வரை சிறுநீர் வரும். 2 கிலோ குட்டிக்கு 40 முதல் 80 மில்லி. குட்டி சிறுநீர் கழிக்கும் தட்டில், நனைந்தால் கட்டியாகும் மணல் போட்டால் கட்டிகளின் எண்ணிக்கையும் பருமனும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாயில் போட்டுப் பார்க்கும் வயதில் அந்த மணல் வேண்டாம். விழுங்கினால் குடலுக்குள்ளும் கட்டியாகும். 4 மாதம் வரை காகித உருண்டைகள் போதும், நனைந்த இடத்தின் பரப்பைப் பார்த்துக் கணிக்கலாம்.

உலர் உணவிலிருந்து ஈர உணவுக்கு மாற்றிவிட்டு, 'தண்ணீரே குடிக்கமாட்டேன் என்கிறதே' என்று பதறுவதும் உண்டு. ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். கிண்ணத்தில் தண்ணீர் குறையாவிட்டாலும் கழிப்புத் தட்டில் ஈரம் கூடும்.

புது வீட்டுக்கு வந்த குட்டி பயத்தில் முதல் நாள் அடக்கிக்கொள்ளலாம். வீடு முழுக்கச் சுற்றவிடாமல், தட்டோடு ஒரே அறையில் வைத்தால் சீக்கிரம் பழகும். 24 மணி நேரமாகியும் போகவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். 3 வாரத்துக்கு உட்பட்ட தாயில்லாக் குட்டி தானாகப் போகாது. தாய் நக்கிவிடுவதற்குப் பதிலாக, பால் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அந்த இடத்தை மெல்லத் தடவிவிட வேண்டும்.

உயிரைப் பறிக்கும் தவறு ஒன்று உண்டு. கடுவன், அதாவது ஆண் பூனை, தட்டில் உட்கார்ந்து முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று முடிவுகட்டி, எண்ணெயோ பேதி மருந்தோ கொடுத்துவிட்டுக் காத்திருப்பது. மலச்சிக்கலுக்கும் சிறுநீர் அடைப்புக்கும் உட்காரும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். கடுவனின் சிறுநீர்ப்பாதை குறுகலானது. அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தைப் பாதிக்கும், ஓரிரு நாளில் உயிரே போகலாம். முக்கியும் சிறுநீர் வரவில்லை, கத்துகிறது, குறியை விடாமல் நக்குகிறது, வாந்தி எடுக்கிறது என்றால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். வயிற்றை அமுக்கிப் பார்க்க வேண்டாம், நிரம்பிய பை கிழியக்கூடும். தண்ணீரைப் புகட்டவும் வேண்டாம். வலிக்கென்று பாராசிட்டமாலும் கொடுக்காதீர்கள், அது பூனைக்கு நஞ்சு.

சிறுநீரில் ரத்தம் தெரிந்தவுடன் வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுப்பதும் வீண். இளம் பூனைக்குக் கிருமித்தொற்று அபூர்வம். பெரும்பாலும் மன அழுத்தத்தோடு வரும் அழற்சிதான். சிறுநீரைப் பரிசோதித்த பிறகே மருந்து.

மெத்தையில் போனதற்கு மூக்கைத் தேய்த்து அடித்தால் குட்டி கற்பது ஒன்றுதான்: உங்கள் கண்ணில் படாத இடத்தில் போவது. முதலில் தட்டைப் பாருங்கள். பூனையின் உடலைப் போல ஒன்றரை மடங்கு நீளம், 3 முதல் 5 செ.மீ. மணல், தினமும் அள்ளுதல், பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதல். அழுக்கான இடத்தை அமோனியா கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள். அதன் வாடை சிறுநீரைப் போலவே இருப்பதால் மறுபடியும் அங்கேயே போகும். நொதி கலந்த சுத்திகரிப்பான்தான் சரி.

5, 6 மாதத்தில் நின்றபடியே வால் நடுங்கச் சுவரில் பீய்ச்சினால், அது தட்டுப் பழக்கம் மறந்ததல்ல, எல்லை குறிப்பது. அந்தப் பழக்கம் ஊறுவதற்குள் கருத்தடை செய்துவிட்டால் பெரும்பாலான பூனைகளிடம் அது நின்றுவிடும்.